பிடியரிசியும் சிறு நாணயமும்
ஜெபிக்கும் கை கொடுக்கும் கையாவது எப்படி?

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவர்களுக்கு என்ன தேவை?" குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை கிலோ அரிசி, எத்தனை தறப்பாள், எத்தனை பாய் என்று பதிவேடுகள் நிரம்புகின்றன. இக்கேள்வி அவசியமானது. பசித்தவரிடம் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் வருடக்கணக்காக இதையே கேட்டுக்கொண்டிருந்தால், கேட்கப்படுகிறவர்களும் தங்களைத் தேவை உள்ளவர்களாக மட்டுமே எண்ணத் தொடங்கி விடுவார்கள். சூடடித்த களத்தில் வந்தவருக்கெல்லாம் ஒரு கடகம் நெல் அள்ளிக் கொடுத்த கை, வரிசையில் நீட்டுவதற்கு மாத்திரம் பழகிவிடுகிறது. காணியை இழந்தது போலவே இதுவும் ஓர் இழப்பாகும். காணி திரும்பக் கிடைத்தாலும் இந்த இழப்பு தானாகத் தீர்ந்துவிடாது.

ஆகவே இவ்விதழில் நாம் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம்: "இவர்களால் எதைக் கொடுக்க முடியும்?" இதற்கு எமது ஆசியக் கண்டத்துக் கிறிஸ்தவப் பெண்கள் இரண்டு வழிகளில் பதில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, சோறு சமைக்கும்போது ஒதுக்கும் ஒரு பிடி அரிசி. மற்றையது, ஜெபிக்கும்போது ஒதுக்கும் ஆகச் சிறிய நாணயம். இரண்டும் ஏழைகளாலும் செய்யக் கூடியவை. இரண்டிலும் ஜெபமும் சேவையும் பிரிக்க முடியாதபடி பின்னப்பட்டிருக்கின்றன. இவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எமது கிராமங்களிலும் முகாம்களிலும் இவற்றை எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதத்தில் மூன்று பெண்கள்

எலியா தீர்க்கதரிசி அரசனுக்குப் பயந்து ஓடி, பஞ்ச காலத்தில் சாறிபாத் என்னும் அந்நிய ஊருக்கு வந்த கதையை நாம் அறிவோம். ஊர் வாசலில் விறகு பொறுக்கிக் கொண்டிருந்த விதவையிடம் அவர் தண்ணீரும் அப்பமும் கேட்கிறார். அவளிடம் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மாத்திரமே இருந்தன. அதுவே தனக்கும் தன் மகனுக்கும் கடைசி உணவு என்று எண்ணியிருந்தவள், அதில் முதலில் விருந்தாளிக்குச் சுட்டுக் கொடுத்தாள். கேட்டவரும் ஓர் இடம்பெயர்ந்தவர். கொடுத்தவளும் பஞ்சத்தில் அடிபட்டவள். இல்லாதவர் இருவருக்கிடையில் நடந்த கொடுக்கல் வாங்கல் அது.

யோப்பா பட்டினத்தில் தபீத்தாள் என்ற பெண் இருந்தாள். அவள் பிரசங்கம் செய்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஊசியும் நூலும் கொண்டு விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தாள். அவள் மரித்தபோது விதவைகள் அந்த உடைகளை எடுத்துக் காட்டி அழுதார்கள்.

மூன்றாமவள், தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழை விதவை. எல்லோரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்னதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்குச் சற்று முன்னதாக, விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டுப் பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை அவர் கண்டித்ததை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஏழையின் காசு எவ்வளவு பெரியதோ, அந்தக் காசைப் பெறுகிறவரின் பொறுப்பும் அவ்வளவு பெரியது. பின்னர் கணக்கு வழக்கைப் பற்றிப் பேசும்போது இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைநாட்டுப் பெண்களின் ஒரு பிடி

இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பர்மாவின் எல்லையோரமாக மிசோரம் என்னும் மலைப் பிரதேசம் இருக்கிறது. அங்கே 1894ஆம் ஆண்டு முதல் கிறிஸ்தவ ஊழியர்கள் வந்து தங்கினார்கள். இன்று மிசோ மக்களில் மிகப் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அவர்கள் பரம்பரையாகச் சேனைப் பயிர்ச்செய்கை செய்தவர்கள். மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, நெல் விதைத்து, சில வருடங்களில் வேறு இடத்துக்கு மாறுவார்கள். விடியற்காலையில் எழுந்து நெல் குற்றுவதும் தண்ணீர் சுமப்பதும் விறகு கொண்டு வருவதும் பெண்களின் வேலை. ஆனால் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பிருக்கவில்லை. நண்டின் இறைச்சி இறைச்சியல்ல, பெண்ணின் பேச்சும் பேச்சல்ல என்ற கருத்தில் அங்கே ஒரு பழமொழியே இருந்தது.

இந்தப் பெண்கள் 1910ஆம் ஆண்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களது மொழியில் அதன் பெயர் 'புஃபாய் தாம்'. ஒரு பிடி அரிசி என்பதே அதன் பொருள். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பாத்திரத்தில் போடுவார்கள். அது கர்த்தருக்கென்று ஒதுக்கப்பட்டது. சபையின் பெண்கள் வீடு வீடாகச் சென்று அதைச் சேர்ப்பார்கள். சேர்ந்த அரிசியை விற்றுவரும் பணம் ஊழியர்களின் படிக்கும், தூரக் கிராமங்களுக்குச் செல்லும் பணிக்கும், சபையின் சேவைகளுக்கும் செலவாகும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணம் வீட்டில் ஆண்களின் கையில் இருந்தது. காணிக்கையாகப் பணம் கொடுக்கும்படி கேட்டிருந்தால் பெண்கள் கணவனிடமோ தகப்பனிடமோ கேட்டுத்தான் கொடுத்திருக்க முடியும். ஆனால் அரிசிப் பானை பெண்ணின் பொறுப்பில் இருந்தது. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே பொருளிலிருந்து அவள் கொடுத்தாள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண்களுக்குக் குருத்துவப் பணியில் இடங்கொடுக்க நீண்ட காலம் தயங்கிய ஒரு திருச்சபையின் பாரத்தில் பெரும் பங்கை, பதவியற்ற இந்தப் பெண்களின் கைப்பிடி சுமந்தது. இன்று மிசோரம் திருச்சபைகளுக்குப் புஃபாய் தாம் மூலம் வருடந்தோறும் கோடிக்கணக்கான இந்திய ரூபா சேருகிறது. ஒரு பெரும் தனவந்தரின் நன்கொடையாக அது வரவில்லை. ஒரு நாளைக்கு இரு தடவை, பல்லாயிரம் அடுப்படிகளில், ஒவ்வொரு பிடியாக அது வருகிறது.

அவர்கள் நிறைவில் இருந்து கொடுத்தவர்களும் அல்லர். 1959ஆம் ஆண்டளவில் அங்கே மூங்கில்கள் பூத்துக் காய்த்தன. அந்தக் காயைத் தின்று பெருகிய எலிகள் நெல்லையும் தின்று தீர்த்தன. பெரும் பஞ்சம் உண்டானது. 1966இல் போர் தொடங்கியது. அவ்வருடம் மார்ச் மாதத்தில் தலைநகர் ஐசால் மீது விமானங்களிலிருந்து குண்டு வீசப்பட்டது. 1967 முதல் 500க்கு மேற்பட்ட கிராமங்களின் மக்கள் தத்தம் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டு, படையினரின் காவலுக்குள் இருந்த புதிய குடியிருப்புகளில் கூட்டாகக் குடியேற்றப்பட்டார்கள். விட்டு வந்த வீடுகளும் நெற்களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன. சேனைக்குப் போவதற்கும் வருவதற்கும் நேரம் குறிக்கப்பட்டது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. 1986 யூன் 30ஆம் திகதி சமாதான உடன்படிக்கை கைச்சாத்திடப்படும் வரை ஏறத்தாழ இருபது வருடம் போர் நிலை தொடர்ந்தது. சமாதானத்துக்காக இரு பகுதியாரிடமும் போய்ப் பேசியவர்களில் அங்குள்ள திருச்சபைகளும் அடங்கும்.

இந்த வரலாறு எமக்கு விளக்கம் தேவையில்லாத ஒன்று. 1990இலும் 1995 ஒக்ரோபரிலும் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் எம்மவர்கள் அனுபவித்ததை அந்த மலைநாட்டு விவசாயிகளும் அனுபவித்தார்கள். பஞ்சமும் போரும் இடப்பெயர்வும் கடந்துபோன பின்பும் பிடியரிசி வழக்கம் அங்கே அழியவில்லை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. உண்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும்வரை கொடுப்பதற்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மிசோ கிறிஸ்தவர்களின் எண்ணம்.

எமக்கும் புதிதல்ல

பிடியரிசி என்ற சொல்லே தமிழில் இருக்கிறது. கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் எமது இந்துச் சகோதரிகள் இவ்வாறு அரிசி ஒதுக்குவது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவத் தாய்மாரும் தினசரி உலை அரிசியிலிருந்து ஒரு பிடியைக் கர்த்தருடைய பணிக்கென்று ஒதுக்கினார்கள். ஒரு பிடி அரிசியின் பெறுமதியை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2009இல் வன்னியில், அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்து உயிர் தப்பியவர்கள் எம்மத்தியில் வாழ்கிறார்கள்.

எல்லையில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்

இரண்டாவது வழி, ஆகச் சிறிய நாணயம். இதைத் தொடக்கி வைத்தவர் சாந்தி சொலமன் என்ற இந்தியப் பெண்மணி.

இரண்டாம் உலகப் போரும் அதன்பின் கொரியப் போரும் ஆசிய நாடுகளில் ஆழமான காயங்களை ஏற்படுத்தியிருந்தன. ஒருவரையொருவர் பகைவராகக் கண்ட நாடுகளின் மக்களிடையே ஒப்புரவை ஏற்படுத்தும் எண்ணத்துடன், 1956ஆம் ஆண்டில் பல நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆசிய நாடுகளுக்குப் பயணம் செய்தார்கள். அமெரிக்கப் பிரஸ்பிற்றேரியன் திருச்சபைப் பெண்கள் இப்பயணத்தை ஒழுங்கு செய்தார்கள். சாந்தி சொலமனும் அக்குழுவில் ஒருவர். ஆனால் கொரியாவுக்குள் செல்ல அவருக்கு விசா கிடைக்கவில்லை. மற்றவர்கள் கொரியாவுக்குப் போக, அவர் பிலிப்பைன்ஸ் நாட்டில் தங்க வேண்டியதாயிற்று.

அனுமதிப் பத்திரம் இல்லாமையால் வழியில் நிறுத்தப்படுவது எப்படிப்பட்டது என்பது 'பாஸ்' எடுத்துப் பயணம் செய்த எமக்குத் தெரியும். அந்த நாட்களில் சாந்தி சொலமன் யோசித்தார். மனிதரை எல்லை தடுக்கலாம். ஜெபத்தை எந்த எல்லையும் தடுக்க முடியாது. ஆனால் ஜெபம் வெறும் சொல்லாகப் போய்விடாதபடி அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். தோழிகள் திரும்பி வந்தபோது அவர் தமது யோசனையைச் சொன்னார். ஒரு பெண் சமாதானத்துக்காகவும் ஒப்புரவுக்காகவும் ஜெபிக்கும் ஒவ்வொரு தடவையும் தன் நாட்டின் ஆகச் சிறிய நாணயம் ஒன்றை ஒதுக்கி வைக்கட்டும் என்பதே அந்த யோசனை. அதிலிருந்து 'சிறு நாணய ஐக்கியம்' என்ற இயக்கம் பிறந்தது. 1958இல் உருவான ஆசிய கிறிஸ்தவப் பெண்கள் மாநாடு இதனைத் தன் பணியாக ஏற்றுக்கொண்டது. பின்னர் ஆசியாவுக்கு அப்பாலும் பல நாடுகளின் பெண்கள் இதில் சேர்ந்தார்கள். சேரும் நாணயங்கள் ஒரு பொது நிதியாகி, பல நாடுகளில் ஏழைப் பெண்கள், பிள்ளைகள், அகதிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கான சிறு திட்டங்களுக்குப் போகின்றன.

இங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. வசதியுள்ள பெண் நோட்டுத் தாளைப் போட்டுத் தன் கடமையை முடித்துக்கொள்ள முடியாது. அவளும் ஆகச் சிறிய நாணயத்தையே போட வேண்டும். அதிகம் கொடுக்க விரும்பினால் அதிக தடவை ஜெபிக்க வேண்டும். எனவே பெட்டி நிரம்புவது பணக்காரரின் தொகையைப் பொறுத்ததல்ல, ஜெபித்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கொழும்பில் கார் வைத்திருக்கும் அம்மாவின் ஒரு ரூபாவும் கொட்டிலில் வாழும் தாயின் ஒரு ரூபாவும் அங்கே வித்தியாசம் தெரியாமல் கலந்து விடுகின்றன. உதவி செய்பவர் மேலே, உதவி பெறுபவர் கீழே என்ற ஏணி இதனால் உடைகிறது. நிவாரண உதவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த ஏணியை அது உடைப்பதில்லை.

இன்னொரு பழைய வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாளாகக் கைக்கொள்ளப்படுகிறது. 1887இல் அமெரிக்காவில் பெண்கள் தொடக்கிய ஜெப நாட்களிலிருந்து வளர்ந்து, 1927 முதல் உலகெங்கும் நடைபெறும் இந்நாளின் ஆராதனை ஒழுங்கை வருடத்துக்கு ஒரு நாட்டுப் பெண்கள் எழுதுகிறார்கள். 1994இலும் 2024இலும் அதை எழுதியவர்கள் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள். ஜெபிக்கப்படுகிறவர்களாக மாத்திரம் உலகம் கண்ட பெண்கள், உலகம் முழுவதும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அறிந்து ஜெபிப்பதும் ஜெபித்துச் செயற்படுவதும் அந்நாளின் கொள்கையாகும்.

ஜெபம் இதில் எங்கே இருக்கிறது?

அரிசி சேர்ப்பதும் காசு சேர்ப்பதும் எந்தச் சிக்கனக் கூட்டமும் செய்யக்கூடியவை. இதற்கு ஜெபம் எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

முதலாவது, ஜெபம் பெயர்களை நினைவில் வைக்கிறது. ஒரு பிடியை எடுக்கும் அந்தக் கணத்தில், "கர்த்தாவே, பக்கத்துக் கொட்டிலில் காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளையை நினைத்தருளும்" என்று சொல்லும் தாய், அரிசியை யாருக்காக எடுக்கிறாள் என்பதை மறக்க மாட்டாள். பெயரைச் சொல்லி ஜெபித்தவள் மாலையில் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் இருக்கவும் மாட்டாள். ஜெபம் இவ்விதமாகக் காலை நடக்க வைக்கிறது.

இரண்டாவது, ஜெபம் எமக்குப் பிடிக்காதவர்களையும் உள்ளே கொண்டு வருகிறது. சிறு நாணய ஐக்கியத்தின் உயிர்நாடி இதுதான். தன்னோடு மனத்தாங்கல் உள்ளவருக்காகவும் தன்னைப் புண்படுத்தியவருக்காகவும் ஜெபித்து நாணயத்தை ஒதுக்கும்படி அது கேட்கிறது. இது எளிதான காரியமென்று நாம் சொல்லமாட்டோம். மகனைப் பறிகொடுத்த தாயிடம், காணாமற்போன கணவனைத் தேடி அலைகிற மனைவியிடம், மன்னித்துவிடு என்று வெளியிலிருந்து எவரும் கட்டளையிட முடியாது. அவ்வாறு கட்டளையிடுவதும் ஒரு வன்முறைதான். மன்னிப்பதென்றால் நீதியைக் கேட்காமல் இருப்பதென்றும் பொருளல்ல. ஆனால் ஒரு சிறு நாணயம் அளவு தொடங்கலாம். தண்ணீர்க் குழாயடியில் சண்டை பிடித்த அயல்வீட்டுக்காரிக்காக ஒரு நாணயம். எம்மை வரவேற்காத ஊராருக்காக ஒரு நாணயம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எம்மைப் போலவே காணி இழந்த முஸ்லிம் குடும்பங்களுக்காக ஒரு நாணயம். போரில் பிள்ளையை இழந்த தென்னிலங்கைச் சிங்களத் தாய்க்காக ஒரு நாணயம். யாருக்கு எப்போது முடிகிறதோ அப்போது.

மூன்றாவது, ஜெபம் ஒழுங்கைத் தருகிறது. கையில் காசு வரும்போது கொடுப்போம் என்றால் அந்த நாள் வராது. அடுப்பு மூட்டும் ஒவ்வொரு நாளும் என்று வைத்துக்கொண்டால் அது பல் விளக்குவது போல ஒரு பழக்கமாகி விடும்.

தொடங்கும் முறை

ஒரு கிராமத்திலோ குடியிருப்பிலோ இதைத் தொடங்க விரும்பும் மாதர் சங்கத்தினர் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

கணக்கு. ஒரு பெண்ணின் கைப்பிடியில் ஏறத்தாழ 40 கிராம் அரிசி இருக்கும். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்துக்கு 1,200 கிராம். 25 வீடுகள் சேர்ந்தால் மாதத்துக்கு 30 கிலோ. இது நாளுக்கு ஒரு கிலோவாகும். அதாவது, வருமானம் இழந்த ஒரு குடும்பத்தின் அடுப்பை ஒரு மாதம் எரிய வைக்க 25 வீடுகளின் கைப்பிடி போதும். கொடுக்கும் வீட்டில் எவரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

பாத்திரம். மூடியுள்ள வெற்றுப் பால்மாப் பேணி போதும். நன்கு கழுவிக் காயவைத்துப் பாவிக்க வேண்டும். காய்ந்த வேப்பிலை சில போட்டால் வண்டு பிடிப்பது குறையும். மாதக் கணக்கில் வீட்டில் வைத்திராமல் கிழமைக்கு ஒரு தடவை சேர்ப்பது நல்லது.

அரிசியின் வகை. பச்சையரிசியும் புழுங்கலரிசியும் கலந்தால் ஒன்றாக வேகாது. இரண்டுக்கும் இரண்டு சாக்குகள் வைக்க வேண்டும். கலந்துவிட்டால் கஞ்சிக்குப் பயன்படுத்தலாம்.

கணக்குக் கொப்பி. அரிசியைக் குறைந்தது மூன்று பெண்கள் சேர்ந்து நிறுத்து, கொப்பியில் எழுதி, மூவரும் கையொப்பமிட வேண்டும். எத்தனை கிலோ சேர்ந்தது, எத்தனை கிலோ கொடுக்கப்பட்டது என்பதை மாதம் ஒருமுறை கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். யார் எவ்வளவு தந்தார் என்பதை வாசிக்கக் கூடாது. விதவையின் காசைப் பற்றி மேலே சொன்னதை இங்கு நினைவுகூருங்கள். போதகரானாலும் பங்குத்தந்தையானாலும் சங்கத் தலைவியானாலும், தனியொருவர் கையில் சாவி இருக்கக் கூடாது.

யாருக்குக் கொடுப்பது? தீர்மானம் கூட்டாக எடுக்கப்பட வேண்டும். பிரசவித்த தாய், படுக்கையில் கிடக்கும் முதியவர், உழைப்பவரை இழந்த வீடு, புதிதாக இடம்பெயர்ந்து வந்தவர் ஆகியோர் முன்னுரிமை பெறலாம். பெறுகிறவர் சைவரோ கத்தோலிக்கரோ முஸ்லிமோ என்று பார்க்கக் கூடாது. அரிசியைக் கொடுத்துவிட்டு ஆலயத்துக்கு வாருங்கள் என்று அழைப்பது சேவையாகாது. பகலில் எல்லோரும் பார்க்கக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, மாலையில் ஓலைப்பெட்டியில் மூடிக்கொண்டு போவது பெறுகிறவரின் மானத்தைக் காக்கும். பெற்ற குடும்பமும் இயலும்போது தன் ஒரு பிடியைப் போடட்டும். இன்று பெற்றவர் நாளை கொடுப்பவர் என்பது இதில் முக்கியம்.

அரிசி இல்லாதபோது

அரிசி விலை ஏறி, எமது வீட்டு உலையே பாதியாகும் காலங்களும் வரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் அவ்வாறு நேர்ந்தது. அப்படிப்பட்ட வேளையில் இல்லாத வீட்டாரை வற்புறுத்தக் கூடாது. பிடி என்பது அரிசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

விவசாயக் குடும்பங்களாகிய எமக்கு விதை இருக்கிறது. மீள்குடியேறப் போகும் குடும்பத்துக்கு வீடு, மலசலகூடம், கிணறு என்று பலவும் பேசப்படும். ஆனால் முதல் மழைக்கு மண்ணில் போட விதை இருக்காது. கொட்டிலைச் சுற்றியுள்ள சிறு துண்டு நிலத்தில் வெண்டி, கத்தரி, பயற்றை, கீரை வைத்திருப்பவர்கள், முதல் காய்களில் நல்லவை சிலவற்றை முற்றவிட்டு ஒரு பிடி விதை ஒதுக்கலாம். நன்கு காயவைத்து, சாம்பலுடன் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, பயிரின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். பத்துப் பெண்களின் போத்தல்கள் சேர்ந்தால் அதுவே ஒரு விதை வங்கியாகும். ஊர் திரும்பும் அயலவருக்கு இதைவிட நல்ல சீர்வரிசை கிடையாது.

நேரமும் ஒரு நாணயம். கிழமையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். எழுதத் தெரியாத அம்மாவுக்குக் கிராம சேவையாளரிடம் கொடுக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். கிளினிக்குக்குப் போகும் தாயின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். காணாமற்போனவரைப் பற்றி முறையிடப் போகும் பெண்ணுக்குத் துணையாக பஸ் ஏறலாம். எதுவும் பேசாமல் பக்கத்தில் இருந்தாலும் போதும்.

மறக்கக் கூடாதவை

பிடியரிசி நிவாரணத்துக்குப் பதிலாகாது. காணி உரிமைக்கும் நட்டஈட்டுக்கும் அது பதிலல்ல. எமக்குச் சட்டப்படி வரவேண்டியதைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை. "நீங்கள்தான் ஒருவருக்கொருவர் உதவுகிறீர்களே" என்று சொல்லி எவரும் தம் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள இடங்கொடுக்கக் கூடாது.

இது பெண்களின் முதுகில் ஏற்றப்படும் இன்னொரு சுமையாகவும் ஆகிவிடக் கூடாது. விறகும் தண்ணீரும் பிள்ளைகளும் கூலி வேலையும் ஏற்கெனவே அவர்கள் தலையில் இருக்கின்றன. சாக்குத் தூக்குவதற்கும் வீடு வீடாகச் சேர்ப்பதற்கும் ஆண்களும் இளைஞரும் முன்வர வேண்டும். தீர்மானிக்கும் உரிமை மாத்திரம் பெண்களிடமே இருக்கட்டும். கொடுப்பவள் ஒருத்தி, தீர்மானிப்பவர் வேறொருவர் என்றால் அது பழைய கதைதான்.

மிசோரமின் தாய்மார் தொடங்கும்போது கோடிகளைக் கனவு காணவில்லை. சாந்தி சொலமன் ஒரு நாட்டின் வாசலில் நிறுத்தப்பட்டவர். இவர்கள் எவரும் எல்லாம் சீரான பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கவில்லை. ஊருக்குப் போன பிறகு செய்வோம், வீடு கட்டிய பிறகு செய்வோம், ஒரு போகம் விளைந்த பிறகு செய்வோம் என்று நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை சுண்டில் அரிசி அளக்கும்போது, யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லி, ஒரு பிடியைப் பேணியில் போடுங்கள். அடுத்த கிழமை அயல்வீட்டுப் பேணியையும் உங்கள் பேணியையும் ஒன்றாகச் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.